மூன்று வாரம் முன் எடுத்த ரோட்வொர்த்தியை நம்பிப் பழைய ஹைலக்ஸ் வாங்கலாமா?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் தம்பி ஒருவர் காய்கறி வியாபாரத்துக்குப் பழைய பக்கி (பின்னால் திறந்த பெட்டி உள்ள சின்னச் சரக்கு வண்டி) தேடுகிறார். கிளேர்வுட் மொத்தச் சந்தையில் விடியற்காலையில் சரக்கு ஏற்றி, பங்களாதேஷ் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். டோங்காட்டில் சொந்தத்தில் ஒரு மாமா 1997 டொயோட்டா ஹைலக்ஸ் 2.4 டீசலை விற்கிறார். மூன்று வாரத்துக்கு முன் எடுத்த ரோட்வொர்த்தி, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்கிற டெஸ்ட் சான்றிதழ், கையில் இருக்கிறது. "டெஸ்ட் பாஸ் பண்ணின வண்டி, இதுக்கு மேல என்ன பார்க்கணும்?" என்கிறாராம் மாமா. அந்தத் தாளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தம்பி கேட்கிறார்.

தம்பி, அந்தத் தாளை வைத்து வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றலாம். பணத்தை எண்ணிக் கொடுக்க அது போதாது. வேறு யாராவது கேட்டிருந்தால் கொஞ்சம் இளக்கமாகச் சொல்லியிருப்பேன். நீங்கள் தினமும் அரை டன், முக்கால் டன் ஏற்றப்போகிற ஆள். டெஸ்டிங் ஸ்டேஷனில் வண்டி காலியாகத்தான் ஏறுகிறது. இந்த ஒரு விஷயத்தைத்தான் பதில் முழுக்கப் பேசப்போகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் இங்கே பலருக்கு இது தெரிவதில்லை. தென்னாப்பிரிக்காவில் நாம் ஓட்டுகிற சாதாரண பக்கிக்கு வருஷா வருஷம் டெஸ்ட் கிடையாது. டாக்சிக்கு வருஷம் ஒரு முறை, பஸ்ஸுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் போகும் லாரிக்கு வருஷம் ஒரு முறை. ஒரு டன் பக்கி இந்தக் கணக்கில் வராது. கண்ணாடியில் ஒட்டுகிற லைசன்ஸ் டிஸ்க்கை வருஷா வருஷம் புதுப்பிக்கப் போனால் பணத்தைக் கட்டுகிறோம், டிஸ்க் வந்துவிடுகிறது, பிரேக்கைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. வண்டி கை மாறும்போதுதான் ரோட்வொர்த்தி கேட்கிறார்கள். ஆக, மாமா அந்த ஹைலக்ஸை 2004 வாக்கில் வாங்கியிருந்தால், அன்று ஒரு தடவை டெஸ்டிங் ஸ்டேஷன் பிட்டில் (அடியில் இறங்கிப் பார்க்கிற குழியின் மேல்) ஏறியிருக்கும், இப்போது ஒரு தடவை ஏறியிருக்கிறது. நடுவில் இருபது வருஷம் அதன் அடியில் விளக்கடித்துப் பார்க்கச் சட்டப்படி யாருக்கும் வேலை இருந்திருக்காது.

சான்றிதழ் 60 நாள் செல்லும். மூன்று வாரம் போய்விட்டதால் உங்களுக்கு இன்னும் ஐந்து வாரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. வண்டி கை மாறின 21 நாளுக்குள் நீங்கள் பதிவு செய்துவிட வேண்டும். அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. "தாள் காலாவதி ஆயிடும், சீக்கிரம் முடி" என்று மாமா சொன்னால் சிரித்துவிட்டு டீ குடியுங்கள்.

ஸ்டேஷனில் என்ன பார்க்கிறார்கள்? வண்டியை உருளை மேல் ஏற்றி நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் பலத்தை அளக்கிறார்கள். இடது வலது வித்தியாசம் அதிகமானால் ஃபெயில். பிட்டுக்கு மேலே நகரும் தட்டில் முன் சக்கரத்தை வைத்து ஆட்டி, பால் ஜாயின்ட், டை ராட், ஸ்டியரிங் எங்கே ஆட்டம் இருக்கிறது என்று கீழே இருந்து பார்க்கிறார்கள். ஹெட்லைட் எங்கே அடிக்கிறது, டயரில் குறைந்தது 1 மில்லிமீட்டர் பட்டன் ஆழம் இருக்கிறதா, கண்ணாடியில் டிரைவர் பார்க்கிற இடத்தில் விரிசல், வைப்பர், ஹாரன், சீட் பெல்ட், ஆயில் கசிவு, சைலன்சர் ஓட்டை. கடைசியில் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா. இதற்கெல்லாம் சான்ஸ் 10047 என்று ஒரு தரநிலை இருக்கிறது. செய்கிறவர் ஒழுங்காகச் செய்தால் இது நல்ல டெஸ்ட். இதைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் பிட்டுக்குள் இறங்கிப் பார்க்காதவர்கள்.

ஆனால் ஒன்றையும் கழற்றிப் பார்ப்பதில்லை. பிரேக் டிரம்மைத் திறப்பதில்லை, பக்கியின் பெட்டியைத் தூக்குவதில்லை, அடியில் பூசின தாரைச் சுரண்டுவதில்லை. காலி வண்டி, குறைந்த வேகம், சில நிமிஷம். பழைய ஹைலக்ஸ் ஆளைக் கைவிடுவதோ ஏறக்குறைய எப்போதும் இதற்கு வெளியே இருக்கிற இடத்தில்.

பிரேக்கையே எடுங்கள். அந்தக் காலத்து ஹைலக்ஸ்களில் பின் பிரேக்குக்கு ஒரு லோடு வால்வு இருக்கும். பின் அச்சில் நடுவில் இருக்கிற டிஃப் (டிஃபரன்ஷியல்) பக்கத்திலிருந்து ஒரு இரும்புக் கம்பி மேலே சேசிஸ் வரை போய் அந்த வால்வைப் பிடித்திருக்கும். சுமை ஏறினால் பெட்டி தாழும், அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி குறையும், கம்பி வால்வைத் தள்ளும், பின் சக்கரத்துக்கு அதிக பிரஷர் போகும். காலியாக இருக்கும்போது பிரஷர் குறையும், அதனால் மழையில் பின்பக்கம் சறுக்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் இருபத்தைந்து வருஷம் கடற்கரைக் காற்றில் நின்ற பிறகு அந்த வால்வு அப்படியே இறுகிப்போய்விடும். காலி வண்டி நிலையில் இறுகினால் டெஸ்டில் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் டெஸ்டும் காலி வண்டிக்குத்தான். நீங்கள் ஐம்பது பாக்கெட் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஹிகின்சன் ஹைவேயில் இறங்கும்போதுதான் தெரியும், பின் பிரேக் வேலையில் கால்வாசிகூடச் செய்யவில்லை, முன் டிஸ்க் மட்டும் தனியாக மல்லுக்கட்டுகிறது என்று.

இதைவிட மோசம், அதிக லோடு ஏற்றுகிறவர்கள் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டுக்கொள்வது. நம் ஊர்ப் பக்கிகளில் பல இப்படித்தான் இருக்கும், காய்கறி, மணல், சிமென்ட் என்று. பட்டை கூடினால் பெட்டி தாழாது. பெட்டி தாழாவிட்டால் வால்வுக்கு லோடு இருப்பதே தெரியாது. வால்வு நல்ல நிலையில் இருந்தாலும் பின் பிரேக்குக்குக் காலி வண்டிப் பிரஷர்தான் போகும். அதைச் சரிசெய்ய வால்வை மாற்றி அமைக்க வேண்டும், அதை யாரும் செய்வதில்லை. சிலர் கம்பியை மேலே தூக்கி வேறொரு கம்பியால் கட்டிவிடுவார்கள், முழு லோடு நிலையில். அப்போது லோடில் பிரேக் நன்றாகப் பிடிக்கும், காலியாக மழையில் திரும்பும்போது பின்பக்கம் சுழன்று வரும். டெஸ்டிங் உருளைக்கு இரண்டுமே பிரச்சினை இல்லாத வண்டிதான்.

பார்ப்பது சுலபம். கீழே படுங்கள், டார்ச் அடியுங்கள். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பட்டையை எண்ணுங்கள், எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை அச்சோடு பிடித்திருக்கிற யூ போல்ட்டு மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் யாரோ சமீபத்தில் கை வைத்திருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பிறகு அச்சிலிருந்து மேலே போகிற அந்தக் கம்பியைத் தேடுங்கள். இருக்கிறதா, கையால் அசைத்தால் வால்வு நகர்கிறதா, எங்கேயாவது கட்டியிருக்கிறதா. கம்பியே இல்லாமல் பிரேக் பைப்பை நேராக இணைத்திருந்தால், மீதியை நின்று நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் அந்த வண்டியில் இன்னும் பல குறுக்கு வழிகள் இருக்கும்.

அடுத்தது துரு. டர்பனில் இதைச் சொல்லவே வேண்டாம், ஆனாலும் பக்கி வாங்குகிறவர்கள் கதவையும் மட்கார்டையும் பார்த்துவிட்டுத் திருப்தி ஆகிவிடுகிறார்கள். கதவுத் துரு பேனல் பீட்டர் (தகடு தட்டிச் சரிசெய்கிறவர்) விஷயம். உயிர் விஷயம் சேசிஸ். ஹைலக்ஸ் சேசிஸ் நீள வாக்கில் குழாய் மாதிரி மூடின இரும்பு. உள்ளே மண்ணும் உப்பும் போய்ச் சேர்ந்தால் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும். பின் ஸ்பிரிங் மாட்டுகிற பிராக்கெட், அதற்கு மேலே பெட்டி உட்காருகிற இடம், பெட்டிக்கு அடியில் குறுக்கே போகிற மெம்பர்கள், இந்த மூன்று இடத்தில்தான் முதலில் போகும். பெட்டி சேசிஸ் மேல் போல்ட்டில் நிற்பதால் மேல்பக்கத்தைப் பெட்டியைத் தூக்காமல் பார்க்கவே முடியாது, டெஸ்ட் பண்ணுகிறவராலும்.

ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து பின்வரை சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள், தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிற மாதிரி. நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்த இடத்தில் சத்தம் செத்துப்போகும், சில சமயம் உள்ளே துருப்பொடி கொட்டுகிற சத்தமும் வரும். புதிதாகத் தார் பூசியிருந்தால் அங்கே இன்னும் நிதானமாகத் தட்டுங்கள். 1997 வண்டிக்கு 2026ல் யாராவது ஆசையாக அடியில் தார் பூசுகிறார் என்றால் அது விற்பதற்குத்தான்.

வண்டி எங்கே வாழ்ந்தது என்றும் கேளுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹனஸ்பர்க் பக்கம் ஓடின வண்டிக்குப் பெயின்ட் வெயிலில் காய்ந்திருக்கும், அடி நன்றாக இருக்கும். டோங்காட் கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே என்றாலும் உப்புக் காற்று வரும். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் கரையோரம் வரும்போது கரையில் வலை இழுக்கப் போன பக்கி என்றால் நான் தொடமாட்டேன். மீன் கூடையிலிருந்து வடிகிற கடல் தண்ணீர் பெட்டி ஓட்டை வழியாக நேராகச் சேசிஸ் மேல் விழும். மாமா மீன் பிடிக்கிறவரா என்று வேறு யாரிடமாவது விசாரியுங்கள், அவரிடமே கேட்டால் இல்லை என்பார்.

துருவில் இன்னொரு தலைவலி உண்டு. சேசிஸ் நம்பர் முன் சக்கரத்துப் பக்கம் சேசிஸ் இரும்பிலேயே அடித்திருக்கும். அந்த இடமே உப்பு அரித்து எண் படிக்க முடியாமல் போய்விட்டால் போலீஸ் அனுமதி வாங்கிப் புது எண் அடிக்க வேண்டிவரும், அலைச்சல் ஏராளம். எஞ்சின் மாற்றியிருந்தாலும் இதே கதை. பழைய 2.4 டீசல்களில் எஞ்சின் மாற்றின வண்டிகள் உண்டு, ஸ்க்ராப் யார்டிலிருந்து வேறொன்றை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். மாற்றினதைப் பதிவேட்டில் திருத்தினார்களா என்பதுதான் கேள்வி. பதிவுப் புத்தகத்தில் இருக்கிற எண்ணையும் எஞ்சினில் இருக்கிற எண்ணையும் நீங்களே கண்ணால் படித்து ஒப்பிடுங்கள். துடைத்துப் படிக்க ஒரு துணி, கொஞ்சம் டீசல் போதும்.

எஞ்சினைப் பற்றி ரோட்வொர்த்திக்கு அக்கறையே இல்லை. கசிவு இருந்தால் ஃபெயில் பண்ணுவார்கள், அதனால்தான் டெஸ்டுக்கு முன்னாடி எஞ்சினைக் கழுவிக்கொண்டு போகிறார்கள். மூன்று வாரத்துக்குப் பிறகு இப்போது பாருங்கள், கசிவு மறுபடி தலைகாட்டியிருக்கும். இந்த இடைவெளி உங்களுக்கு லாபம். இந்த டீசல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும் என்பது பழைய மெக்கானிக் எல்லாருக்கும் தெரியும். காலையில் போய் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள், மாமா முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்தபோதே திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால், உள்ளே தொடர்ந்து குமிழி வருவது நல்லதல்ல. டைமிங் பெல்ட் எப்போது மாற்றினது என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் வாங்கின வாரமே மாற்றுகிற செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ், கிளட்ச் எல்லாம் ஓட்டினால் தெரிந்துவிடும்.

இனி யாரும் வெளிப்படையாகப் பேசாத பகுதி. தாளே பொய்யாக இருக்கலாம். வண்டி ஸ்டேஷனுக்கு வராமலேயே சான்றிதழ் கொடுத்ததற்காக ஆய்வாளர்களை ஆர்.டி.எம்.சி. என்கிற தேசியச் சாலைப் போக்குவரத்து அமைப்பின் லஞ்ச ஒழிப்புப் பிரிவு கைது செய்த செய்தி அவ்வப்போது வருவதுதான். எல்லா ஸ்டேஷனும் அப்படி என்று சொல்லவில்லை, ஒழுங்காக நடக்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே ஃபெயில் ஆகிறவர்கள்தான் வெளியே வந்து திட்டுகிறார்கள். இன்னொரு வகை, டெஸ்டுக்கு மட்டும் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் மொட்டை டயரைப் போட்டுக்கொள்வது. இப்போது வண்டியில் இருக்கிற டயர் மூன்று வாரத்துக்கு முன் பாஸ் ஆகியிருக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அந்தத் தாளைப் பற்றி வேறெதுவும் யோசிக்க வேண்டாம்.

சான்றிதழில் ஸ்டேஷன் பெயர் இருக்கும். கூப்பிட்டு, இந்த நம்பர் வண்டி இந்தத் தேதியில் வந்ததா என்று கேளுங்கள். மாமாவிடம் சான்றிதழோடு டெஸ்ட் ஷீட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முதல் தடவை ஃபெயில் ஆகி, 14 நாளுக்குள் சரிசெய்து மறுபடி காட்டிப் பாஸ் பண்ணியிருந்தால் அந்த ஃபெயில் ஷீட் உங்களுக்குத் தங்கம். எனக்கு, ஃபெயில் ஆன வரலாறு இருக்கிற வண்டி மேல்தான் நம்பிக்கை அதிகம். யாரோ நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள், எதைச் சரிசெய்தார்கள் என்றும் தெரிகிறது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது வருஷ ஹைலக்ஸ் ஒரு குறையும் இல்லாமல் முதல் தடவையே பாஸ் ஆனது என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

இதையெல்லாம் மாமாவிடம் எப்படிக் கேட்பது என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. கோயில் கமிட்டியில் பார்க்கிற ஆள், கல்யாணத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆள், அவர் வண்டிக்கு அடியில் சுத்தியலோடு படுத்தால் என்ன நினைப்பார்? இந்தக் கூச்சத்தினால் நம் ஆட்கள் தெரிந்தவரிடம் வாங்கின வண்டியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், பார்க்கிறவர் அவராக இருக்கட்டும், நீங்கள் மாமாவோடு வாசலில் நின்று கிரிக்கெட் பேசுங்கள்.

அப்புறம் லோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். மாமா சம்மதித்தால் பத்து கிலோ பாக்கெட் நாற்பது, ஐம்பதோ, அதே எடைக்கு மணல் மூட்டையோ ஏற்றுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு இறக்கத்தில், பின்னால் வண்டி வராதபோது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் திடமாக மிதியுங்கள். ஒரு பக்கம் இழுக்கிறதா, மூக்கு மட்டும் குத்துகிறதா, பின்பக்கமும் உட்காருகிறதா என்று கவனியுங்கள். இறங்கினதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். பின் டிரம் இரண்டும் குளிர்ந்திருந்தால் மேலே சொன்ன லோடு வால்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டுக்குக் கீழே இழுக்கிற ஹேண்ட்பிரேக்கை அதே சரிவில், லோடோடு, போட்டுப் பாருங்கள். காலி வண்டியை அது நிறுத்தும், டெஸ்டிலும் நிறுத்தியிருக்கும். பங்களாதேஷ் மார்க்கெட் பக்கம் சரிவான தெருவில் சரக்கு இறக்கும்போது உங்களுக்கு வேண்டியது முழு லோடை நிறுத்துகிற ஹேண்ட்பிரேக்.

மாமாவிடம் ஒரு பேரமும் வைக்கலாம். நான் சொல்கிற ஸ்டேஷனில் மறுபடி டெஸ்ட் எடுப்போம், கட்டணம் என்னுடையது, ஃபெயில் ஆனதைச் சரிசெய்கிற செலவு உங்களுடையது என்று சொல்லுங்கள். தனியாக, ரோட்வொர்த்தி இல்லாமல், எஞ்சினையும் சேர்த்துப் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிற சேவையும் உண்டு, டெக்ரா போன்ற இடங்களில். இரண்டையும் மறுத்துவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

சட்டப் பாதுகாப்பை ரொம்ப நம்பாதீர்கள். டீலரிடம் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதம் வரை குறை வந்தால் ரிப்பேர், மாற்று, பணம் திரும்ப என்று கேட்க வழியிருக்கிறது. சொந்த வண்டியை ஒரு தடவை விற்கிற மாமாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. விற்பனைக் காகிதத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் இருந்தபடியே வாங்கினீர்கள் என்று ஆகிவிடும். மறைந்திருந்த குறை அவருக்குத் தெரிந்தே மறைத்தார் என்று நீங்கள் நிரூபித்தால்தான் பணம் திரும்ப வரும், அதுவும் சொந்தக்காரர் மேல் வழக்குப் போட்டு. அதைவிட முக்கியம் இன்சூரன்ஸ். பிரேக், டயர் மோசம் என்பதால் விபத்து நடந்தது என்று கம்பெனி காட்டினால் கிளெய்மை நிராகரிக்க முடியும். ரோட்வொர்த்தித் தாள் பையில் இருந்தது என்று சொன்னால் அங்கே எடுபடாது, வண்டி அன்று எப்படி இருந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

இப்போது வாங்கலாமா வேண்டாமா? லோடு வால்வு, ஹேண்ட்பிரேக் கேபிள், பால் ஜாயின்ட், டிரம் சிலிண்டர், இவையெல்லாம் சேர்ந்து போயிருந்தாலும் வாங்குங்கள், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஹைலக்ஸ் ஸ்பேர் டர்பனில் எந்த மூலையிலும் கிடைக்கும், அந்த வண்டியைச் செய்கிற தொழிற்சாலையே டர்பனின் ப்ராஸ்பெக்டன் பகுதியில்தான் இருக்கிறது. ஹெட் விரிசல் என்றாலும் எஞ்சின் மாற்றிக்கொள்ளலாம், கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். சேசிஸ் சுத்தியலுக்குச் செத்த சத்தம் கொடுத்தால், அதுவும் பின் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கம், மாமா பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். அங்கே வெல்டிங் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அதில் தக்காளி ஏற்றுவதில்லை.

வாங்குவதாக முடிவானால், பணம் கை மாறுகிற அதே நேரத்தில் பதிவுப் புத்தகத்தின் அசலை வாங்கிவிடுங்கள், வண்டி கை மாறினதை அறிவிக்கிற என்.சி.ஓ. படிவத்தை மாமா பூர்த்தி செய்து கையெழுத்துப் போடட்டும். அவருக்கும் அது நல்லது, உங்கள் ஃபைன் அவர் வீட்டுக்குப் போகாது. ரோட்வொர்த்தித் தேதியை மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், லைசன்சிங் ஆபீசில் வரிசையில் நின்று கவுன்டருக்குப் போனபோது 61வது நாளாகிவிட்டால் டெஸ்டை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும்.